காப்பு அவிழ்த்த பூநாரை

பூநாரைக்கு ஒரு வாடை உண்டு. உப்புச் சேறும் அழுகிய பாசியும் நனைந்த கோணிப்பையும் கலந்த அந்த வாடை எங்கள் ஒற்றை அறை வீட்டை நிறைத்திருந்தபோது, அம்மா ஊதுபத்தியைக் கொளுத்திக் கொளுத்தி ஒரு பாக்கெட்டையே காலி செய்தாள். படத்தில் ரோஜா நிறத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு அது மணக்கவும் செய்யும் என்று நினைப்பவர்கள் இருந்தால், பக்கத்தில் படுத்துத் தூங்கியவள் என்கிற உரிமையில் சொல்கிறேன், மணக்காது. குரலும் அப்படித்தான், சளி பிடித்த வாத்து மாதிரி இருக்கும். அந்தக் குரல் சந்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று நாங்கள் டி.வி.யைச் சத்தமாக வைத்துவிட்டு, அதில் என்ன ஓடுகிறது என்றே தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் வீடு டிராம்பேயில், சீத்தா கேம்ப்பில். சந்து முடிகிற இடத்தில் அலையாத்திச் செடிகள், அவற்றுக்கு அப்பால் ‘காடி’. கடல் உள்ளே புகுந்து கிடக்கிற கழியை மராட்டிக்காரர்கள் சொல்வதைக் கேட்டு நாங்களும் அப்படித்தான் சொல்வோம். மழைக்காலம் போய்க் குளிர் எட்டிப்பார்க்கும் நாட்களில், தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரியும்போது, அந்தச் சேறு முழுக்க ‘ரோஸ் கொக்கு’ இறங்கி நிற்கும். பூநாரை என்ற சொல் எனக்குப் பிறகு புத்தகத்தில் கிடைத்தது. குளிர்காலம் முழுக்கத் தொப்பி வைத்த சிலர் படகுத்துறையில் மூன்றுகால் தொலைநோக்கியை நட்டுவைத்துக்கொண்டு அவற்றை எண்ணுவார்கள். எண்ணி என்ன செய்வார்கள் என்று எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. பிடித்தால் ஜெயில் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

சந்தின் மறுபக்கம் அணுசக்தி நிலையத்தின் உயரமான மதில். அந்த மதிலுக்கு உள்ளே வேலை பார்ப்பதை எங்கள் பக்கத்தில் ‘உள்ளே வேலை’ என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். அப்பாவுக்கு உள்ளே தோட்ட வேலை, கான்ட்ராக்டில். கழுத்தில் தொங்கும் பாஸ் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. பாஸை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து, இந்த ஆள் பேரில் எதுவும் இல்லை என்று எழுதி வரவேண்டும். அடுத்த சந்தில் ஒருவர் குழாயடிச் சண்டையை விலக்கிவிடப் போன இடத்தில், போலீஸ் அவர் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டுவிட்டது. அந்த வருடத்தோடு அவர் பாஸ் போயிற்று, பிறகு குர்லாவில் மூட்டை தூக்கினார். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான். “பேரு ஏறிரக் கூடாது” என்பார் அப்பா. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலில் குப்பையைத் தள்ளினால் நாங்களே அள்ளிப் போடுவோம், கேள்வி கேட்க மாட்டோம்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அம்மா ஒரு காலையில் பூநாரையைச் சேலைத் தலைப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். மின்கம்பியில் மோதி விழுந்து அலையாத்தி வேரில் சிக்கிக் கிடந்ததாம். சுற்றிலும் நாய்கள் நின்றனவாம். அப்பா வேலைக்குப் போயிருந்தார். இறக்கிவிட்டதும் அது ஒரு காலில் நின்று, கழுத்தை நீட்டி, கேஸ் அடுப்பையும் சாமிப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு இறக்கை தொங்கிக் கிடந்தது. எனக்குப் பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன, ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். காடியிலிருந்து ஒரு வாளி கலங்கல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தோம். தலையைக் கவிழ்த்து அதில் விட்டு, வாயாலேயே சலித்துச் சலித்துக் குடித்தது.

அதன் முழங்காலுக்கு மேலே ஒரு வெள்ளை வளையம் இருந்தது. அதில் கறுப்பாக மூன்று எழுத்து, இங்கிலீஷில். எனக்கு அது வளையம். அம்மாவுக்கு அப்படி இல்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் அவள். எங்கள் சந்து முத்தாரம்மனுக்குக் கொடைத் திருவிழா வந்தால் முதல் ஆளாக மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிக்கொள்வாள். காப்புக் கட்டினவர்கள் கொடை முடிகிறவரை எல்லை தாண்டக் கூடாது என்பது கட்டுப்பாடு. அந்த நாட்களில் செம்பூர் மார்க்கெட்டுக்குக் கூடப் போக மாட்டாள், காய்கறி வாங்க என்னைத்தான் அனுப்புவாள். ஆட்டையும் சேவலையும் அம்மனுக்கு நேர்ந்து விடுகிற ஊரிலிருந்து வந்தவள் பறவையின் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஏளா, இது நேந்து விட்டதுளா. யாரோ காப்புக் கெட்டி விட்டிருக்காவ. காப்போட எல்லை தாண்டி வந்துட்டு, அதான் ரெக்கை வெளங்கல” என்றாள்.

அவளுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. காப்பை முறைப்படி அவிழ்த்தால் பறவை பறக்கும், அவிழ்க்காவிட்டால் அதற்கும் ஆகாது, அது வந்து நிற்கிற வீட்டுக்கும் ஆகாது. தலைக்குக் குளித்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். என்னைக் கழுத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அப்பாவின் ஸ்க்ரூடிரைவரால் அந்த வளையத்தை நெம்பித் திறந்தாள். அது லேசில் வரவில்லை. பறவை என் காதருகே சீறியது, என் முழங்கையில் ஒரு கீறல் விழுந்தது. கழன்று வந்த வளையத்தை அம்மன் படத்துக்கு முன்னால், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். பறவையைப் பார்த்ததும் கதவை உள்தாழ் போட்டார். சாமிப் படத்துக்கு முன்னால் இருந்ததைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

“ஏட்டி, இது காப்பு இல்லட்டி, நம்பரு” என்றார், தொண்டைக்குள்ளேயே. “வண்டியத் திருடுனவன் மொதல்ல நம்பர் பிளேட்டத்தான் கழத்துவான். நாம அதத்தான செஞ்சு வச்சிருக்கோம்?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அடிபட்ட பறவையை எடுத்து வைத்திருந்தோம் என்றால் யாராவது நம்பியிருப்பார்கள். அடையாளத்தைக் கழற்றிவிட்டு வைத்திருந்தோம் என்றால் யார் நம்புவார்கள்? வளையத்தைத் திரும்ப மாட்டப் பார்த்தார். அது விரிந்துபோயிருந்தது, நிற்கவில்லை. இருட்டுவதற்குள் அலையாத்திக்குள் விட்டுவிட்டு வந்துவிடுவோம் என்றார். நாய் தின்னும் என்றாள் அம்மா. தின்னட்டும் என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது, ஒரு பல்லியைக்கூட அடிக்க மாட்டார் அவர். அம்மா வாசலை மறித்துப் பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

சந்தில் எதையும் எத்தனை நேரம் மூடிவைக்க முடியும்? வாடை போயிருக்கும், குரல் போயிருக்கும். மறுநாள் ‘பிரியாணியா?’ என்று பையன்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த காலை, அப்பா பாஸை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், கதவு தட்டப்பட்டது. படகுத்துறையில் தொலைநோக்கி வைத்து எண்ணுகிற தொப்பிக்காரர்களில் ஒருத்தி, இளவயதுப் பெண், நின்றாள். அவள் பின்னால் வனத்துறைக் காவலர், காக்கி உடையில். அப்பாவின் கை தானாகப் போய்ப் பாஸைச் சட்டைக்குள் தள்ளியது. காவலரின் கண் அந்தக் கையோடு போனதை நான் பார்த்தேன்.

அப்பாவுக்கு இந்தி வரும், ஆனால் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அம்மாவுக்கு மார்க்கெட் இந்திதான். ஆக, பேச வேண்டியவள் நானானேன், சந்தில் விளையாடிக் கற்ற இந்தியோடு. அந்தப் பெண் வாசலிலிருந்தே சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த வளையத்தைக் காட்டினாள். இதை யார் கழற்றினார்கள் என்று கேட்டார் காவலர். “நாந்தான் காப்ப அவுத்தேன், சொல்லு” என்றாள் அம்மா. காப்புக்கு இந்தியில் என்ன? அந்த இடத்தில் எனக்கு எதுவும் வரவில்லை. எங்கள் சந்தில் யாரையாவது போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் ‘காப்பு மாட்டிட்டாங்க’ என்பார்கள். அந்தக் காப்புதான் நாக்கில் வந்து நின்றது. “அம்மா நே ஹத்கடி கோல் தியா” என்றேன். அம்மா கைவிலங்கைக் கழற்றிவிட்டாள் என்று அதற்கு அர்த்தம்.

“ஹத்கடி?” என்று காவலர் ஓர் அடி உள்ளே வந்தார். அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தார். இந்த வீட்டில் விலங்கு மாட்டிய ஆள் யார் என்று கேட்டார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அழுதுகொண்டே என் மணிக்கட்டைக் காட்டி, மந்திர், மன்னத், தாகா என்று தெரிந்த சொற்களையெல்லாம் கொட்டினேன். கோயில், வேண்டுதல், கயிறு. அம்மனுக்கு யாரோ கட்டிவிட்டதாக அம்மா நினைத்துவிட்டாள் என்றேன். காவலரின் மணிக்கட்டிலேயே எங்கெங்கோ வேண்டிக்கொண்ட கயிறுகள் சாயம் போய்த் தடியாகச் சுற்றிக் கிடந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். பிறகு அம்மன் படத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டார்.

ஆனாலும் விடவில்லை. நம்பியது வேறு, எழுதுவது வேறு என்றார். வளையம் இந்த வீட்டில் கிடைத்தது என்று அந்தப் பெண் எழுதினால், எப்படிக் கழன்றது என்று மேலே கேட்பார்கள். கேட்டால் தானும் இந்த வீட்டு விலாசத்தையும் ஆள் பெயரையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். இதை நான் தமிழில் சொன்னபோது அப்பா சட்டைக்குள் இருந்த பாஸை மேலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் பறவையின் இறக்கையை விரித்து விரித்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலும்பு முறியவில்லை, அடிதான், இப்போது தூக்குகிறது என்றாள். பிறகு வளையத்தைக் கையில் வாங்கினாள். எழுத்தைப் படிக்காமலேயே அதைச் சொன்னாள். அந்தக் காலில் அதை மாட்டியதே அவள்தானாம். இதைக் கட்டி எத்தனை நாளில் அவிழ்ப்பீர்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாள். அவிழ்ப்பதே இல்லை, சாகிறவரைக்கும்தான் என்றாள் அவள். “சாவுத மட்டுமா? பாவமில்லியா?” என்றாள் அம்மா. அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. இது எங்கெங்கே போகிறது, எந்தச் சேற்றில் இறங்குகிறது என்று தெரிந்தால்தான் அந்தச் சேற்றை மண் கொட்டி மூடாதே என்று நான் போய்ப் பேச முடியும், அடையாளம் இல்லாத பறவைக்காக எப்படிப் பேசுவது என்றாள். அம்மா குனிந்து பறவையின் வெறுங்காலைப் பார்த்தாள்.

நெடுநேரம் வளையத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். அப்பா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் அதை எடுத்த இடத்திலேயே, குங்குமச் சிமிழுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். “நான் இந்த வீட்டுக்கு வரவில்லை” என்று இந்தியில் சொன்னாள். அதைத் தமிழில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

காடிக்கரைக்கு எல்லோரும் போனோம். காவலர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதில் பக்கம் திரும்பி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேற்றில் இறக்கிவிட்டதும் பறவை அசையவே இல்லை. நாய்கள் வந்தன, அப்பா கல்லை எடுத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் ஓடினார், முந்தாநாள் தின்னட்டும் என்று சொன்ன அதே அப்பா. அதற்குப் பிறகுதான் அது தடதடவென்று தண்ணீர்மேல் ஓடி, ஓடி, எழும்பியது. “அவுத்ததால பறக்குது” என்றாள் அம்மா. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நான் இப்போது முலுண்டில் இருக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் என் மகளைப் படகில் பூநாரை காட்ட அழைத்துப் போனேன். எங்கள் சந்து முடிகிற இடத்தில் சேறு இல்லை. மண் கொட்டி மேடாக்கி, வேலி போட்டு, லாரிகள் நிற்கின்றன. பறவைகள் எதிர்க்கரைக்குப் போய்விட்டன. வீட்டுக்கு மாடி எடுத்தபோது சாமான்களோடு வளையமும் எங்கோ போய்விட்டது. படகில் விளக்கம் சொல்ல வந்த பையன் நன்றாகவே சொன்னான். வளையம் மாட்டிய சில பறவைகள் இந்தக் கழியில் கடைசியாகப் பார்க்கப்பட்டதோடு சரி, பிறகு எங்கேயும் தென்படவில்லை, செத்துப்போனதாகத்தான் எடுத்துக்கொள்கிறோம் என்றான். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. மகளின் தொப்பியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அந்த மாதம்தான் அப்பாவின் பாஸுக்கு விசாரணை வந்திருந்தது.

போன மாதம் அப்பா வேலையிலிருந்து நின்றார். வாசலில் பாஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இனிப் பேரு ஏறினாலும் பறிபோவதற்குப் பாஸ் இல்லை. எனவே அந்தப் பையனுக்கும், அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வராத அந்தப் பெண்ணுக்கும் இப்போது சொல்லலாம். அது சாகவில்லை. எங்கள் காடியிலிருந்துதான் பறந்து போனது, நாங்கள் பார்த்தோம்.