கென்யாவில் மகள் கேட்ட ஃபோர்க்

மகள் கென்யாவில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் இன்று மதியம் அவளை அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார்களாம்.

வெளிநாடு என்றால் ஸ்பூன், ஃபோர்க்தான் என்பது என் முடிவு. அதனால் கிளம்பும்வரை குன்னூர் வீட்டில் அவளை இட்லியைக்கூட ஃபோர்க்கால் குத்தித்தான் சாப்பிட வைத்தேன். எஸ்டேட் பங்களாவில் துரைமார் சாப்பிடுவதை ஜன்னலில் எட்டிப் பார்த்து நான் கற்ற வித்தை.

சாயங்காலம் போன் வந்தது.

"உங்க பேச்சக் கேட்டு மானம் போச்சுங்கப்பா!"

மக்காச்சோள மாவுக் களி, கீரை, சுட்ட ஆட்டுக்கறி. மேசைக்கே வெந்நீர் கொண்டுவந்து எல்லார் கையிலும் ஊற்றியிருக்கிறார்கள். இவள் மட்டும் கையை நீட்டாமல் ஃபோர்க் கேட்டிருக்கிறாள். எல்லாரும் இவளையே பார்த்தார்களாம். தங்கள் சாப்பாட்டைத் தொடக் கூசுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

"அப்புறம்?" என்றேன்.

"எங்க சூப்பர்வைசர் அம்மாதான் காப்பாத்துனாங்க. 'பாவம், இந்தியாவுல கையில சாப்பிடற பழக்கமே இல்லையாட்டம் இருக்குது'ன்னு, களிய உருட்டி, கட்டவிரல்ல குழி பண்ணி, கீரைய அள்ளச் சொல்லிக் குடுத்தாங்க."

"தெரியும்னு சொல்ல வேண்டியதுதானே கண்ணு?"

"ஃபோர்க் கேட்டப்புறம் எப்படிங்கப்பா சொல்றது? எங்கப்பா இப்படித்தான் பழக்குனாருன்னு சொல்லிட்டேன்."

பக்கத்தில் இருந்த என் மனைவி சிரித்த சிரிப்பு அடுத்த லைன் வீடுகள்வரை கேட்டிருக்கும்.

அந்த அம்மா என்னையும் ஒருமுறை கூட்டிவரச் சொன்னாராம். பொறுமையாகச் சொல்லித் தருவாராம்.

பாஸ்போர்ட் எடுக்கலாம் என்றிருக்கிறேன். கையால் சாப்பிடக் கற்றுக்கொள்ள வேறு யாராவது வருகிறீர்களா?