தானா கிரிவலம் போற கார்

முன்பக்க ஸ்பிரிங்கை மாத்தி காரைத் தாழ்வா இறக்கினேன். முன்சக்கரங்களோட சாய்வையும் நானே செட் பண்ணேன்.

இன்னிக்குக் காலைல கிரிவலப் பாதையில ஒரு ரவுண்டு. ஸ்டியரிங்கை லேசா தொட்டா போதும், வளைவுல தானா திரும்புது!

பக்கத்துல இருந்த நண்பன் சலீம்கிட்ட, "எப்படி நம்ம வேலை?"ன்னேன்.

"வேங்கிக்கால் பக்கம் நேர் ரோட்ல ஓட்டிக் காட்டு"ன்னான்.

அங்க போனா, எதிர்ல வர்ற பஸ்ஸைப் பார்த்தே இழுக்குது. சலீம்தான் எட்டி ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிச்சான்.

"மலையை வலப்பக்கமா வெச்சுதானேடா சுத்தின? வலப்பக்கம் இழுக்குற வண்டி அங்க சூப்பராத்தான் இருக்கும். சாய்வு ரெண்டு சக்கரத்துக்கும் ஒண்ணா இல்ல."

சரி, நாளைக்கே திருத்திடுவேன்.

ஆனா இந்த ஊர்ல தானா கிரிவலம் போற ஒரே கார் என்னோடதுதான். இல்லன்றவங்க வண்டியோட வாங்க!