ஒரு கிளை அளவு வெளிச்சம்

கொண்டையில் எப்போதும் ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகியிருப்பதால் அவளுக்குக் குச்சியம்மா என்று பெயர். தாவரவியல் பூங்காவில் தோட்டவேலை. பின்பக்கச் சரிவில் தானாக முளைத்த காட்டு ஆர்க்கிட் செடிகள் அவள் பொறுப்பு. பொறுப்பு என்ன பொறுப்பு, உயிரே அதுதான். ஒரு காலத்தில் சரிவு முழுக்கப் பூத்துக் கிடந்தவற்றில் இப்போது மிஞ்சியது ஒரே ஒரு குத்து. அதுவும் விதை போடாமல் போய்விட்டால் அந்தச் சரிவில் அந்தப் பூவின் கதை அத்தோடு முடிந்தது.

இப்படி ஆக்கியவர் வெளியாள் இல்லை, அவள் வீட்டுக்காரர்தான். அதே பூங்காவில் மரம் நடுகிறவர். மண் சரியக்கூடாதென்று அவர் நட்ட மரங்கள் குடை குடையாக விரிந்து வானத்துக்கே மூடி போட்டுவிட்டன. அந்த நிழலில் ஆந்தை மத்தியானமே வேட்டைக்குக் கிளம்பும். சாப்பிட உட்கார்ந்தால் கை பக்கத்து ஆளின் தட்டுக்குப் போகும். செடி இலை விட்டது, பெருமூச்சு விட்டது, பூ மட்டும் விடவில்லை.

“ஒரு கிளையாச்சும் வெட்டுங்களேன்.”

“என் கையை வேணா வெட்டு.”

“வெட்டலாம். அதுல வெளிச்சம் வராதே.”

சில நாள் முறைத்துக்கொண்டு திரிந்தவர், ஒருநாள் ஏணியைச் சாத்தி ஏறி, ஒரு பெரிய கிளையை அறுத்து இறக்கினார். கைக்குட்டை அகலத்துக்கு வெயில் செடிமேல் விழுந்தது. அடுத்த பருவத்தில் பூங்கொத்து ஒன்று நிமிர்ந்து எழுந்தது.

இங்கேதான் குச்சியம்மா அவசரப்பட்டாள். இந்த நிழலுக்குள் எந்த வண்டு வழி கண்டுபிடித்து வரும் என்ற பயத்தில், கொண்டைக் குச்சியின் நுனியால் மகரந்தத்தை எடுத்துப் பூ பூவாக ஒற்றிவிட்டாள். ஒன்று பிடித்தால் போதுமென்று செய்தவளுக்கு ஒன்று விடாமல் பிடித்தது. காம்பு நிறையக் காய்.

காய் பருக்கப் பருக்க இலை மஞ்சளானது. கைக்குட்டை வெயிலில் சமைத்ததை இத்தனை வாய்க்குச் செடி எப்படிப் பங்கு போடும்?

“மரத்தையே சாய்ச்சிடறேன்” என்றார் வீட்டுக்காரர்.

“இத்தனை வருஷம் இருட்டுல கிடந்தது. திடீர்னு முழு வெயில் பட்டா கருகிடும்.”

“அப்ப என்னதான் பண்ணணும்ங்கற?”

“காயைக் கிள்ளணும்.”

“நான் கிள்ளட்டா?”

“வச்சவ நான். நானே எடுக்கறேன்.”

செடி முன்னால் மண்டியிட்டாள். முதல் காயைத் தொட்ட விரல் அடுத்து என்ன செய்வதென்று தெரியாததுபோல நின்றது. பிறகு கிள்ளினாள். பச்சைக் காய்கள் மடியில் விழுந்தன. கடைசியில் காம்பின் அடியில் ஒன்றே ஒன்றை விட்டாள்.

மறுவாரமும் இலை மஞ்சளாகவே இருந்தது. காய் முற்ற இன்னும் மாதக்கணக்கு ஆகும்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் பீரோக் கண்ணாடியைக் கழற்றித் தோளில் சுமந்து வந்தார்.

“இதென்ன, மரத்துக்கு முகச்சவரமா?”

அவர் கண்ணாடியோடு சரிவில் இறங்கினார். சரிவுக்குக் கீழே, இளவெயில் விழும் இடத்தில் நின்று கண்ணாடியைச் சாய்த்தார். ஒரு துண்டு வெளிச்சம் மரத்தண்டுகளில் தடுமாறிச் செடியை நோக்கி ஏறியது.

“இன்னும் மேல. கொஞ்சம் இடது. அங்கதான், ஆடாதீங்க.”

“கை கடுக்குதுடி. எவ்வளவு நேரம்?”

“வெயில் சுள்ளுனு ஏறற வரைக்கும்.”

“நாளைக்கு?”

மஞ்சள் இலையை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை.

“நாளைக்கு நான் பிடிக்கறேன்.”