சுகம் என்ற ஒரே பதில்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாயும் நீளம். முதுகைக் கூனிக்கொண்டு உட்காருகிறவர் போதகராகவே இருந்தாலும், "நிமிர்ந்து உட்காருங்க" என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அப்படிப்பட்டவள், பேசியே ஆகவேண்டிய ஒரு காலையில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் கீழ்த்தள ஹாலில், சனிக்கிழமை காலைகளில் பெண்களுக்குப் பிலாட்டீஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரம்பத்தில், "இது யோகாதானே? சபைக்குள்ள இதெல்லாம் எதுக்கு?" என்று மூன்று பேர் போதகரிடம் போய் நின்றார்கள். யோகா இல்லை, வயிற்றுக்கும் முதுகுக்கும் பலம் சேர்க்கிற பயிற்சி என்று தொண்டை வற்ற விளக்கினேன். ஜெபத்தில் தொடங்குவேன். ஒரு வசனத்தின் முதல் பாதிக்கு மூச்சை இழுத்து மறுபாதிக்கு விடச் சொல்வேன். அப்படித்தான் அனுமதி கிடைத்தது.

வந்தவர்கள் பலவகை. பாறசாலைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், சாலை பஜார்க் கடைக்காரர் வீட்டுப் பெண்கள், கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனிகளில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்ட பிள்ளைகள். யாருக்கு என்ன உபாதை என்று சேரும்போதே எழுதி வாங்கிவிடுவேன். முழங்கால் வலிக்காரிக்குக் காலடியில் தலையணை. சிசேரியன் ஆனவள் தலையைத் தூக்கக் கூடாது. எலும்பு பலவீனமானவர் முன்பக்கமாகச் சுருண்டு எழவே கூடாது, நாற்காலியில் உட்கார்ந்து முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து மட்டும் சாயவேண்டும். இந்த மாற்று முறைகளுக்கு அவர்கள் வைத்த பேர் 'எளுப்பம்'. எளிது என்பதற்கு இந்த ஊர்ச் சொல். "டீச்சரே, எனக்கு எளுப்பம் சொல்லித் தாங்க" என்று உரிமையோடு கேட்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

சாலையில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பத்து அக்கா ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். வகுப்புக்கென்றே இரண்டு சுரிதார் தைத்துக்கொண்டு, முதல் நாள் வெட்கத்தில் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றார். அவர் தந்த தாளில் இப்படி இருந்தது: எலும்பு உள்ளே பொத்தலாகிவிட்டது என்று ஸ்கேனில் சொன்னார்கள், மருந்து சாப்பிட்டேன், பிறகு உபவாச ஜெபத்தில் கர்த்தர் சுகம் தந்தார்.

அவர் அதைச் சபையில் சாட்சியாகவும் சொல்லியிருந்தார். சாட்சி என்றால் எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. கர்த்தர் செய்ததை எல்லோர் முன்னும் எழுந்து நின்று சொல்வது. சொன்ன பிறகு அது உங்கள் சொந்தச் சமாச்சாரம் இல்லை. சுகமானேன் என்று சொன்னவள் மருந்துக்கடை வாசலில் நின்றால்கூட நாலு கண் பார்க்கும்.

ஆனாலும் நான் ஸ்கேனைத்தான் நம்பினேன். ஜன்னலோரம் ஒரு நீல நாற்காலியைப் போட்டு, "அக்கா, இது உங்க இடம். நான் சொல்லாம இதை விட்டு இறங்கக் கூடாது" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே ஒரு வருடம் அதில் உட்கார்ந்து செய்தார்.

பிறகு ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. வகுப்பு தொடங்கி ஒரு வருடம் ஆனதற்காக என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "இந்த ஒரு வருஷத்தில் என் வகுப்பில் ஒருத்திக்குக்கூட ஒரு நோவு வந்ததில்லை. கர்த்தர் காத்தார்" என்றேன். சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. எதிர்த்து நின்ற மூன்று பேரும் சொன்னார்கள். அன்று எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து வகுப்பு மாறியது. எப்போதும் போல, "எல்லாருக்கும் சுகந்தானே?" என்று கேட்டேன். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம் பதில் வரும். ஒருத்திக்குக் குதிகால், இன்னொருத்திக்குத் தோள்பட்டை. அன்று எல்லோரும் சேர்ந்தாற்போல் "சுகம்" என்றார்கள். அதோடு முடிந்தது. அதற்கடுத்த வாரமும் அதே. முழங்காலுக்குத் தலையணை கேட்டவள் கேட்கவில்லை. கழக்கூட்டத்துப் பிள்ளை கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள், நான் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

நான் என்ன நினைத்தேன்? பலம் ஏறிவிட்டது என்று நினைத்தேன். மடச்சி.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஹாலின் தரை ஈரம் கோத்து, விரித்துப் படுக்கிற மேட்டிலெல்லாம் ஒரு புளித்த வாடை. ஒரு சனிக்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது நீல நாற்காலி சுவரோரம் மற்ற நாற்காலிகளோடு அடுக்கியிருந்தது. அக்கா முதல் வரிசையில் மேட்டை விரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க கசேரை எங்க?"

"எனக்கு எளுப்பம் வேண்டாம் டீச்சரே. எனக்கு சுகம்."

"புதுசா ஸ்கேன் எடுத்துப் பாத்தீங்களா?"

அவர் கையில் இருந்த துண்டை மடித்தார். "கர்த்தர் சுகமாக்கினத ஸ்கேன் வெச்சுப் பாக்கணுமா டீச்சரே?" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள்.

பேசவேண்டிய காலை என்றேனே, அது இதுதான். 'அக்கா, விசுவாசம் வேற, முதுகெலும்பு வேற, போய் நாற்காலியில உட்காருங்க' என்று என் வழக்கமான குரலில் ஒரு அதட்டல் போட்டிருந்தால் போதும். ஆனால் சபைக் கட்டிடத்துக்குள் நின்றுகொண்டு, ஜெபம் பண்ணி முடித்த வாயால், ஒருவருடைய சாட்சியை நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது? யோகாவா என்று கேட்ட அந்த மூன்று பேரின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. "மெதுவா செய்யுங்க" என்று மட்டும் சொல்லி மூச்சை எண்ண ஆரம்பித்தேன்.

அன்று ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரமும் ஒன்றும் ஆகவில்லை. அவர் மல்லாந்து படுத்து, கைகளை நீட்டி, தலை, தோள், முதுகு என்று சுருண்டு எழும்போதெல்லாம் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்ப்பேன். எழுந்து உட்கார்ந்து சிரிப்பார். நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் அவருடைய சுரிதாரின் கால்விளிம்பு நனைந்து சேறாக இருந்தது. "ஒரு வருஷமா போடுத பேன்ட் இப்ப வளந்துட்டு டீச்சரே, தரையெல்லாம் பெருக்குது" என்றார். நான் சும்மா இருந்தேனா? "பேன்ட்டாவது வளருதே அக்கா, நம்ம யாரு வளர்றோம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், பிறகு பக்கவாட்டில் கையை ஊன்றி, மெல்ல, மிக மெல்லக் கீழே உட்கார்ந்தார். அப்படி உட்காருகிறவரைப் பார்த்தவுடன் காரணம் தெரியவேண்டியது என் தொழில். தெரியவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் நிஜம்.

அதற்கடுத்த சனிக்கிழமை, படுத்த நிலையிலிருந்து சுருண்டு எழும்பியவர் பாதியிலேயே நின்றுவிட்டார். வாயிலிருந்து ஒரு சின்ன மூச்சு மட்டும் வந்தது. வலிக்கிறதா என்று ஓடிப்போய்க் கேட்டேன். முகம் வெளிறி, நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. "சுகம்" என்றார். கடைசி ஜெபம் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போன பிறகு செருப்பைப் போடக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். முதுகெலும்பில் மூன்று எலும்புக் கட்டைகள் நசுங்கியிருந்தன. "இதொண்ணு புதியது. மற்றது ரெண்டும் பழயதா. இத்ர நாள் வேதனிச்சில்லே அம்மே?" என்று மலையாளத்தில் கேட்டார். நசுங்க நசுங்க ஆள் உயரம் குறையும் என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்கு அந்தச் சேறு பட்ட கால்விளிம்பு ஞாபகம் வந்தது. பேன்ட் வளரவில்லை. என் கண் முன்னால், என் வகுப்பில், அந்த அக்கா வாராவாரம் குட்டையாகிக்கொண்டிருந்தார். நான் அதற்கு ஜோக் அடித்தேன்.

டாக்டர் போனதும் நான் அக்காமேலேயே பாய்ந்தேன். கோபம் என்மேல், சத்தம் அவர்மேல். "ஏன் அக்கா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உங்க சாட்சி உங்க முதுகைவிடப் பெருசா?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அதுவரை டீச்சரே என்று கூப்பிட்டவர் அன்று என்னை மக்களே என்றார், எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல.

"எனக்க சாட்சி போனா போகட்டும் மக்களே. முதல்ல நோவு வந்தப்பவே ஒங்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். பின்ன நெனச்சேன், இவ அவ்வளவு பேருக்கு முன்ன எழும்பி நின்னு, ஒருத்திக்கும் ஒரு நோவும் இல்லண்ணு சொல்லிட்டாளே. ஒனக்க சாட்சிய நான் பொய்யாக்கணுமா? அதுதான் கசேரையையும் எடுத்து மாத்தினேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர்தான் என்னைத் தேற்றினார்.

போதகரிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை என் சாட்சியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும் என்றேன். நல்ல மனுஷர், சங்கடப்பட்டார். "சாட்சியைத் திரும்ப எடுக்கிற வழக்கம் இல்லையேம்மா. அவங்க பேரை ஜெபக் குறிப்பில் சேர்த்துக்கலாம்" என்றார். சேர்த்தார். சபை அவருக்காக ஜெபித்தது. அவர் முதுகு எப்படி நசுங்கியது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நீல நாற்காலியை மறுபடி ஜன்னலோரம் போட்டேன். எல்லோரும் வந்தார்கள். ஜெபம் செய்யவில்லை, வசனம் சொல்லவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் எனக்காக மறைத்ததையும் சொன்னேன். "நான் சொன்ன சாட்சி பொய். இனிமேல் சுகமா என்று கேட்கமாட்டேன். யாருக்கு எங்கே நோவுது, சொல்லுங்க" என்றேன்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முழங்கால் வலிக்காரி கழக்கூட்டத்துப் பிள்ளையைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை தன் மேட்டைப் பார்த்தாள்.

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல டீச்சரே, நீங்க வெசனப்படாதீங்க" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். "சுகம்."

நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கீழே பார்த்தேன். ஒவ்வொரு காலாக, வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துக்கொண்டே போனேன். பின்வரிசையில் இரண்டு பேருடைய கால்விளிம்பு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.