அடுக்கிலேயே இருந்த தட்டுகள்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கோயில் சமையல்கட்டுப் பொறுப்பு என் கையில இருந்துச்சு. அன்னதானத்துக்கு இனிமே போலிஸ்டிரின் பெட்டி வேண்டாம்னு சொன்னவன் நான்தான். சிம்பாங் ரெங்கத்துல எங்க கோயிலுக்குப் பின்னாடி ஒரு கால்வாய் ஓடுது. புரட்டாசிச் சனிக்கிழமை சாப்பாடு முடிஞ்சா அதுல தண்ணி தெரியாது, வெள்ளைப் பெட்டிதான் தெரியும். வாழை இலை போடலாம்னா, சுத்தியிருக்கிறது பூரா செம்பனைத் தோட்டம். வெளியூர்லேருந்து வர்ற இலை பாதி கிழிஞ்சுதான் வரும். அதனால எவர்சில்வர் தட்டு வாங்கினோம்.

"கழுவறது யாரு?"ன்னு கூட்டத்துல கேட்டேன். எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடினாங்க. மறுநாள் ஒரு அம்மா தானா வந்து, "நான் கழுவறேண்ணே"ன்னாங்க. எங்க தாமான் குடியிருப்புல கடைசி வரிசை வீடு, புருஷனுக்குக் குப்பை லாரியில வேலை. பல வருஷமா கோயிலுக்கு வர்றவங்க. ஆனா சமையல்கட்டுப் பக்கம், காய் நறுக்கக்கூட, யாரும் அவங்களைக் கூப்பிட்டதில்ல. ஏன்னு ஊருக்கே தெரியும், யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. "சாமி காரியத்துல எனக்கும் ஒரு வேலை கிடைச்சுதே"ன்னு சொல்றப்ப அவங்க முகம் பூரா சிரிப்பு.

முதல் சனிக்கிழமை விடியறதுக்குள்ள வந்து, சோப்புப் போட்டு ஒரு தடவை, வெந்நீர்ல ஒரு தடவைன்னு அத்தனை தட்டையும் கழுவி அடுக்கிட்டாங்க. மூஞ்சி பார்க்கலாம் அதுல. வரிசையில முதல்ல நின்ன ஒரு பெரியம்மா ஒரு தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"எச்சில் தட்டுலயாப்பா சோறு போடறீங்க?"

"அலமாக்! கடையிலேருந்து நேரா வந்த தட்டும்மா. இன்னும் ஒருத்தர் வாயும் படல"ன்னேன்.

"வாய் படலன்னா? கை படலயா?"ன்னு, அந்த அம்மா நின்ன குழாயடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டு, தட்டை வச்சுட்டுப் போயிட்டாங்க. பின்னாடி நின்னவங்களும் ஒவ்வொருத்தரா நழுவினாங்க. இதே பெரியம்மா பத்து பகாட் டவுன்ல மாமாக் சாப்பாட்டுக் கடையில, எவன் தின்ன தட்டுலயோ ரொட்டி சானாய் தின்னதை என் கண்ணாலயே பார்த்திருக்கேன். அங்க எச்சில் இல்லயாம்!

அடுத்த வாரம் ஆளாளுக்குக் கடையில பெட்டி வாங்கிட்டு வந்துட்டாங்க. கோயில் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "தட்டும் இருக்கட்டும், பெட்டியும் இருக்கட்டும் லா. நல்ல நாளும் அதுவுமா எதுக்குச் சண்டை?"ன்னார். நான் கத்தினேன். குப்பை, கால்வாய், பிள்ளைங்களோட எதிர்காலம்னு என்னென்னவோ பேசினேன். அந்த அம்மாவைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசல. அதைப் பேசினா கோயில் ரெண்டாப் போயிடும்னு பயம். பெட்டியை ஏன் யாரும் விட மாட்டேங்கிறாங்கன்னு தெரிஞ்சும், தெரியாத மாதிரி கால்வாயைப் பத்தியே பேசிட்டு வந்தேன்.

கடைசிச் சனிக்கிழமை, என் மகளுக்குப் பேசி முடிச்ச சம்பந்தி வீட்டுக்காரங்க பெக்கோக்லேருந்து வந்திருந்தாங்க. அவங்களும் பெட்டியிலதான் சாப்பிட்டாங்க. என் வீட்டுக்காரி எனக்கும் ஒரு பெட்டியில போட்டு எடுத்து வந்தா. தட்டு எடுத்துட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சம்பந்தி பார்த்துட்டு இருந்தார். வாங்கித் தின்னேன்.

அப்பதான் அந்த அம்மா ஈரக் கையை முந்தானையில துடைச்சுக்கிட்டே வந்தாங்க. "அண்ணே, இன்னைக்கும் ஒரு தட்டுகூடக் கழுவ வரலயே, சனங்க சாப்பிட..." பாதியில நிறுத்திட்டாங்க. என் கையில இருந்த பெட்டியைப் பார்த்துட்டாங்க. அவ்வளவு அசிங்கமா என் ஜென்மத்துல இருந்ததில்ல.

"சாப்பிடுங்கண்ணே, ஆறிடப் போவுது"ன்னாங்க.

கோபமா சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அடுக்கிலேருந்து ஒரு தட்டை எடுத்து, தானே சோறு போட்டுக்கிட்டு, குழாயடியில உட்கார்ந்து சாப்பிட்டாங்க. அன்னைக்கு அவங்களுக்குக் கழுவக் கிடைச்சது அந்த ஒரு தட்டுதான்.