ரசமட்டத்தின் வீடுகள்

தரைக்கு டைல்ஸ் ஒட்டும் அந்த மேஸ்திரியை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். மட்டம் பார்க்கும் அந்தக் கருவியே வேண்டாம், வெறுங்காலால் நடந்தே தரையின் மேடு பள்ளத்தைச் சொல்லிவிடுவார். விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். அடியில் கலவை நிறையாத இடம் டொக்கென்று கேட்கும். கேட்டால் போச்சு, அந்த டைலைப் பெயர்த்துவிட்டுத்தான் மறுவேலை.

அவருக்கு ஒரு பழக்கம். தான் தரை போட்ட வீட்டையெல்லாம் ‘நம்ம வீடு’ என்பார்.

“அந்தப் பச்சை கேட் போட்டது நம்ம வீடு. முக்குல மாடி வச்சது இருக்கே, அதுவும் நம்மதுதான்” என்று பஸ்ஸில் மனைவியிடம் காட்டுவார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு, ஒழுகுகிற வாடகை வீடுதான் கண்முன் நிற்கும். “அப்படியே இறங்கி வாடகைய வசூல் பண்ணிட்டு வாங்க” என்பார்.

இருவரும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்ததில், இரண்டு அறை வீடு ஒன்று ஒருவழியாக விலை படிந்தது. பத்திரம் பதிய வரி உண்டு. முதல்முறை வீடு வாங்குகிறவர்களுக்கு அதில் பெரும்பகுதி தள்ளுபடி. ஆனால் கணவன், மனைவி யார் பேரிலும் அதுவரை வீடு இருந்திருக்கக் கூடாது. ஒரு வருஷத்துக்குள் அவர்களே குடிவந்துவிடவும் வேண்டும். முழு வரியையும் கட்டச் சொன்னால் இவர்களிடம் வழியில்லை. வீடு கைநழுவிப் போகும்.

வரி அலுவலகத்தில் பெண் அதிகாரி ஒருவர் கேட்டார்: “இதுக்கு முன்னாடி உங்களுக்கு வீடு ஏதாவது இருக்கா?”

“இல்லாமலா? இந்த ஆபீஸுக்குப் பின்தெருவுலயே நாலஞ்சு இருக்கு மேடம்” என்றார் ரசமட்டம்.

பேனா நின்றது. “அப்ப தள்ளுபடி கிடையாது.”

மனைவி குறுக்கே புகுந்தார். “ஐயோ மேடம், அதெல்லாம் இவர் தரை போட்ட வீடுங்க! யார் யாரோ குடியிருக்காங்க!”

அதிகாரி சிரிக்கவில்லை. “அப்படின்னா, எனக்கு வீடு இல்ல, இருந்ததும் இல்லன்னு அவரே சொல்லிக் கையெழுத்துப் போடட்டும்.”

ரசமட்டம் தன் கால் முட்டியைத் தடவினார். முட்டி தேய மண்டியிட்டுப் போட்ட தரைகள். அத்தனையையும் இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மனைவி காதோரம் குனிந்தார். “சொல்லித் தொலைங்க. இன்னிக்குச் சொன்னாத்தான் இனிமே சொல்ல வேண்டியிருக்காது.”

அவர் சொன்னார்: “எனக்கு வீடு இல்ல. இருந்ததும் இல்ல.” மனசு அடங்காமல் சேர்த்துக்கொண்டார்: “ஆனா தரை நான் போட்டது.”

“அத எழுத இதுல இடம் இல்லையே” என்ற அதிகாரி இப்போது சிரித்துவிட்டார்.

குடிவந்துவிட்டார்களா என்று பார்க்க, சில மாதங்கள் கழித்து அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். ரசமட்டம் முன்னறையில் மண்டியிட்டு, தான் ஒட்டிய கடைசி வரிசையைத் தட்டிக்கொண்டிருந்தார். எங்கும் டொக்கு இல்லை. கையெல்லாம் சிமெண்ட்.

வந்தவர் அவரை வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்து, “வீட்டுக்காரர் இருக்காருங்களா?” என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

ரசமட்டம் மெல்ல எழுந்து நின்றார். அவர் சொல்வதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அவரேதாங்க வீட்டுக்காரர். எனக்கும், இந்த வீட்டுக்கும்.”