முந்நூறாம் டிசைனும் ஐந்நூறு காப்பியும்

அது 2008. ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பம் வெளியாகி, சிவகாசியில் காலண்டர் சீசன் சூடு பிடித்திருந்த நேரம். விருதுநகரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், அங்கே ஒரு அச்சகத்துக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தேன்.

கடைக்காரர்கள் ஆல்பத்தில் டிசைன் எண்ணைப் பார்த்து, எத்தனை காப்பி என்று போட்டு ஆர்டர் கொடுப்பார்கள். அந்த இரண்டு எண்களும் வெப் பக்கத்தின் முகவரியிலேயே வரும். முதலில் டிசைன், அடுத்து காப்பி. அந்த முகவரியை ஒரே இடத்தில் உருவாக்காமல், ஒவ்வொரு பக்கத்திலும் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். அவ்வளவு திமிர்! ‘அதே ஆர்டர் மறுபடியும்’ என்ற பக்கத்தில் மட்டும் வரிசையை மாற்றி எழுதிவிட்டேன். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வெறும் எண்தானே? அதை அழுத்தினால் பக்கம் திறக்கவில்லை என்று இரண்டு பேர் போன் செய்தபோதும், நெட் ஸ்லோ என்று சொல்லித் தட்டிக் கழித்தேன்.

பிறகு அதன் வழியாக ஒரு மளிகைக்கடையிலிருந்து ஆர்டர் வந்தது. முந்நூறாம் டிசைன், ஐந்நூறு காப்பி, முருகன் படம். அச்சாகிப் போனதோ ஐந்நூறாம் டிசைன், முந்நூறு காப்பி. தொட்டிலில் சிரிக்கும் குழந்தை. லோடு அப்படியே திரும்பி வந்தது.

நான் போனபோது, ஆர்டரைப் பார்த்து அச்சுக்குக் கொடுக்கும் அக்காவை முதலாளி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“கண்ணு எங்கன இருந்துச்சு? இனிமே வேலைக்கு வர வேண்டாம்!”

“கம்ப்யூட்டர்ல வந்ததத்தான அண்ணாச்சி கொடுத்தேன்...”

யார் கேட்டார்கள்? எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்த ஆர்டர் வந்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அடப்பாவி, நான்தான்! முதலாளியிடம் ஓடிப்போய், தப்பு என்னுடையது என்றேன். சிரித்தார் மனுஷன்.

“விடுங்க தம்பி, மிஷின்னா முன்னப்பின்ன ஆகத்தான் செய்யும். டீ சாப்பிட்டீகளா?”

எனக்கு ரத்தம் கொதித்தது. தப்பு செய்தவனுக்கு டீ, செய்யாதவருக்கு வாசலா? கத்தியே விட்டேன். அந்த அக்கா இல்லாவிட்டால் நானும் வரமாட்டேன் என்ற பிறகுதான், “சரி, வரச் சொல்லுங்க” என்று முனகினார்.

வேலையாட்களை ஏற்றிப்போகும் வேன் சாயங்காலம்தான் வரும் என்பதால், அக்கா தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு கேட் ஓரமாக வெயிலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கோபமாக எழுந்து நின்றார்.

“இதத்தான தம்பி காலையில நானும் சொன்னேன். நான் சொன்னா என் தப்பு, நீங்க சொன்னா மிஷின் தப்பா? இனி இங்கன கால் வைக்க மாட்டேன்.”

வைக்கவும் இல்லை.

அன்றே முகவரி எழுதும் வேலை முழுவதையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தேன். காப்பியின் இடத்தில் டிசைன் எண் வந்தால் புரோகிராமே ஓடாதபடி செய்தேன். மொத்தம் அரை நாள் வேலை. இப்போதும் யாராவது முகவரியைக் கையால் எழுதினால் எரிந்து விழுகிறேன். சின்ன விஷயத்துக்கு ஏன் சார் இவ்வளவு கோபம் என்கிறார்கள். நான் சோம்பல்பட்டு விட்ட அந்த அரை நாளுக்கு, ஒரு பெண் தன் வேலையைக் கொடுத்தார். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.